இலண்டனில் ஒரு மீன் விருந்து

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

இம்மேடையில் பேசுவோர் பெரும்பாலும் பேராசிரியர்கள், புலவர்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரெயில்வே பயணச்சீட்டுக் கவுண்டரில் அமர்ந்திருக்கும் எம் போன்றோரைச் செயலாளர் அழைத்ததற்குக் காரணம் ஒன்றே. சென்ற ஆண்டு நாங்கள் இலண்டன் சென்று வந்தோம். "அங்கே கண்டதைக் கூறுங்கள்" என்றார். அரண்மனையையும் பாலங்களையும் பற்றிச் சொல்ல நூல்கள் பல உள்ளன. நாங்கள் கூறப்போவது ஒரு மீனுணவகத்தைப் பற்றி. சைவ உணவு கொள்ளும் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். முடிவில் விடுக்கப்போகும் வேண்டுகோள் எல்லா அடுக்களைகளுக்கும் உரியது.

முதலில் எங்கள் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் நாகையில் பிறந்து நாகபுரியில் வாழ்பவர்கள். இங்கிருந்து எத்திசையில் கடலைக் காணப் புறப்பட்டாலும் ஓர் இரவு ரெயிலில் கழிய வேண்டும். ஈராண்டுகளுக்கு முன் ஒருநாள் எங்கள் மகள் மதிய உணவுப் பாத்திரத்தைத் திறந்தபடியே திருப்பிக் கொண்டுவந்தாள். அதில் இருந்தது நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு. உடன் பயிலும் சிறுமியர் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு பெஞ்சுக்குச் சென்றுவிட்டனராம். "அம்மா, இனி இதை வீட்டிலும் செய்யாதே, சீருடையில் வாடை ஏறுகிறது" என்றாள். அவள் தாய் ஒன்றும் கூறவில்லை. ஊரிலிருந்து பாட்டி அனுப்பியிருந்த கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டாள். அந்தப் பொட்டலம் அங்கேயே இருக்கும்போதுதான் நாங்கள் இலண்டனுக்குப் புறப்பட்டோம்.

அங்கே எங்கள் மைத்துனர் பணிபுரிகிறார். அவருடைய குழந்தையின் காதணி விழாவிற்காக அக்டோபர் மாதத்தில் சென்றோம். தேர்வு இருந்தமையால் மகள் பாட்டியோடு இங்கேயே தங்கினாள். நம் ரெயில்வே பாஸ் இலண்டன் வரை செல்லாது என்பதை நீங்கள் அறிவீர்கள். பயணச் செலவை மைத்துனரே ஏற்றார். ஒருநாள் அவர், "அக்காவும் அத்தானும் கடற்கரைக்காரர்கள். வெள்ளைக்காரன் மீன் உண்ணும் பழைய இடம் ஒன்றைக் காட்டுகிறேன்" என்று கூறி அழைத்துச் சென்றார்.

வங்கிகள் நிறைந்த பழம்பகுதியை அங்கே 'சிட்டி' என்பர். அதன் குவீன் விக்டோரியா தெருவில் 1889 ஆம் ஆண்டு முதல் இருந்துவரும் உணவகம் ஸ்வீட்டிங்ஸ். வாயிலில் ஆடம்பரம் ஏதும் இல்லை. அங்கே பகலுணவு மட்டுமே. முன்பதிவு கிடையாது, வந்த வரிசைப்படியே இடம். முன்பதிவுச் சீட்டுக்காக நாள்தோறும் நம்மிடம் மன்றாடுவோரை எண்ணி நாங்கள் உள்ளுக்குள் நகைத்துக்கொண்டோம். வங்கித் தலைவராக இருப்பினும், எம் போன்ற எழுத்தராக இருப்பினும், முன்னால் நிற்பவருக்கே முதலிடம்.

உள்ளே வெள்ளைத் துணி விரித்த நீண்ட கவுண்டர்கள். அவற்றின் முன் உயர்ந்த முக்காலிகளில் உண்போர் வரிசையாக அமர்கின்றனர். ஒவ்வொரு கவுண்டருக்குப் பின்னும் பரிமாறுபவர் ஒருவர் நின்று, தம் வரிசையினரைத் தாமே கவனித்துக்கொள்கிறார். வாழ்நாளைக் கவுண்டருக்குப் பின்னால் கழிப்பவர்கள் ஆகையால், எங்கள் கண் முதலில் அவர் மீதே சென்றது. எங்களுக்கு வாய்த்தவர் நரைத்த தலையினர். எத்தனை பேர் கேட்டாலும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே முகம் கொடுத்து விடை கூறினார். அந்தப் பொறுமையைக் கண்டு, எங்கள் கவுண்டரில் நாங்கள் கடிந்து பேசிய நாட்கள் நினைவுக்கு வந்தன.

உணவுப் பட்டியலைப் படித்தபோதுதான் எங்களுக்கு வியப்பு உண்டாயிற்று. அதில் வெறும் 'மீன்' என்று எதுவும் இல்லை. ஒவ்வொன்றும் தன் பெயரோடும், சிலவேளை தன் ஊரோடும் நிற்கிறது. டோவர் சோல் என்றொரு தட்டை மீன். டோவர் துறையிலிருந்து இலண்டனுக்கு வந்தமையால் அப்பெயர் நிலைத்தது. எங்கள் இல்லத்தரசி அதைக் கண்டதும், "இது நம் நாக்கு மீனின் இனமல்லவா!" என்றார். ஸ்கேட் என்பதன் சிறகு, நாம் திருக்கை என்போமே அதன் உறவு. விலாங்கைப் புகையூட்டி வைத்திருந்தனர். நண்டின் சதையை எடுத்து, அதன் ஓட்டிலேயே நிரப்பித் தந்தனர்.

சிறு கிண்ணம் ஒன்றில் இறால் வந்தது. வட இங்கிலாந்தில் மோர்கம் விரிகுடா என்றோர் இடம் உண்டு. அங்கே பிடிக்கும் சிறிய பழுப்பு இறாலை வேகவைத்து, சாதிப்பத்திரி கலந்த வெண்ணெயில் இட்டு, மேலே வெண்ணெயாலேயே மூடிவிடுவார்கள். காற்றுப் புகாமையால் பல நாள் கெடாது. குளிர்ப்பெட்டி தோன்றுவதற்கு முற்பட்ட காலத்து உபாயம் அது. சாதிப்பத்திரியோ கீழ்த்திசைத் தீவுகளின் விளைபொருள். ஆங்கிலேயர் தமக்கே உரியதெனக் கொண்டாடும் பண்டத்திலும் நம் பக்கத்துக் கடலின் மணம் கலந்திருக்கிறது.

ஹாடக் என்னும் மீனை உப்பிட்டுப் புகையில் வாட்டி, அதன்மேல் அரைவேக்காட்டு முட்டை ஒன்றை வைத்து உண்கின்றனர். அதன் மணம் அருகே வந்தபோது எங்களுக்கு அலமாரியின் மேல்தட்டு நினைவுக்கு வந்தது. நம் நாட்டில் வெயில் மிகுதி. ஆகவே உப்பிட்டு வெயிலில் உலர்த்துகிறோம். அவர்கள் நாட்டில் வெயில் குறைவு. ஆகவே உப்பிட்டுப் புகையில் உலர்த்தினர். இரண்டும் ஒரே தேவையிலிருந்து பிறந்தவை. வாடையும் இரண்டிற்கும் உண்டு. ஆயினும் கழுத்துப்பட்டை அணிந்த வங்கி அதிகாரிகள் அதை விரும்பி வாங்கி உண்டு, அதே உடையோடு அலுவலகம் திரும்புகின்றனர். அங்கே எவரும் மூக்கைப் பொத்தக் கண்டிலோம்.

சிப்பியும் உண்டு, பச்சையாக, எலுமிச்சைச் சாறு பிழிந்து விழுங்குவர். எங்களுக்குத் துணிவு வரவில்லை, மைத்துனர் உண்டார். பெயரில் 'ஆர்' எழுத்து உள்ள மாதங்களில், அதாவது செப்டம்பர் முதல் ஏப்ரல் வரையில்தான் அந்நாட்டு நாட்டுச்சிப்பியை உண்ணலாம் என்பது பழைய வழக்கு. கோடையில் அது இனம் பெருக்கும் காலம். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாமல் இருப்பதும் இக்கருத்துப் பற்றியே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இச்சிப்பி இலண்டன் ஏழைகளின் உணவாக இருந்தது. அளவின்றி வாரியமையாலும், நீர் மாசுபட்டமையாலும், நோயாலும் சிப்பிப் படுகைகள் சுருங்கின. அரிதான பின் அது செல்வர் உணவாயிற்று.

இந்த இடத்தில் நம் ரெயில்வேயின் பெருமையையும் சொல்லாமல் இருக்க இயலவில்லை. ரெயில் வருமுன் கடல்மீன் உள்நாட்டுக்குப் புதிதாகச் செல்வது அரிது. இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள கிரிம்ஸ்பி என்னும் ஊருக்கு 1848 இல் ரெயில் வந்தது. ரெயில் கம்பெனிகளே அங்கே மீன்துறை அமைவதற்குப் பொருளுதவி செய்தன. பனிக்கட்டியில் இட்ட மீன் விரைவு வண்டிகளில் இலண்டனை அடைந்தது. இன்று அவ்வேலையை லாரிகள் செய்கின்றன. ஆயினும் இங்கே பார்சல் வண்டியிலிருந்து மீன்பெட்டிகள் நீர் சொட்டச் சொட்ட இறங்கும்போது, முகம் சுளிக்கும் நண்பர்களுக்கு இவ்வரலாற்றைச் சொல்லலாம்.

இனி, எங்கள் உள்ளத்தில் தங்கிவிட்ட நிகழ்ச்சிக்கு வருகிறோம். இல்லத்தரசி டோவர் சோல் கேட்டார். பரிமாறுபவர், "எலும்புடனா, எலும்பு நீக்கியா?" என்று வினவினார். அது அங்கே வழக்கமான கேள்வி. மைத்துனர் விரைந்து, "எலும்பு நீக்கியே" என்றார். கத்தியும் முள்கரண்டியும் பிடித்து அக்கா தடுமாறுவாளோ என்ற கவலை அவருக்கு. இல்லத்தரசி மெல்ல, "வேண்டாம் தம்பி, எலும்போடு தரச் சொல்" என்றார்.

மீன் வந்தது. நெருப்பில் வாட்டி, வெண்ணெயும் எலுமிச்சையும் மட்டும் சேர்த்த முழு மீன். மிளகாயும் இல்லை, புளியும் இல்லை. அவர் கத்தியை நடுமுள்ளின் ஓரமாக வைத்து, தலைப்பக்கத்திலிருந்து வால்வரை ஒரே கோடாக இழுத்தார். இருபுறமும் சதை விலகியது. பிறகு முள்கரண்டியால் முதுகெலும்பை வால்புறமிருந்து தூக்க, அது முழுதாக, ஒரு சீப்பைப் போல எழுந்து வந்தது. ஓரத்துச் சிறுமுட்களையும் ஒதுக்கித் தட்டின் விளிம்பில் வரிசையாக வைத்தார். கருவி புதிதே ஒழிய, தாயிடம் கற்ற கைப்பழக்கம் பழையது.

தட்டை எடுக்க வந்த முதியவர் அதை ஒரு கணம் நோக்கினார். "அம்மையார் கடற்கரையில் பிறந்தவரோ?" என்று கேட்டார். மைத்துனர் மொழிபெயர்த்துச் சொன்னதும், இல்லத்தரசி நிமிர்ந்து அமர்ந்து, "நாகப்பட்டினம்" என்றார். முதியவர் அப்பெயரைத் திருப்பிச் சொல்ல முயன்று பாதியில் நிறுத்தி முறுவலித்தார்; பின் தலை தாழ்த்தி வணங்கித் தட்டை எடுத்துச் சென்றார். இல்லத்தரசியின் கண்கள் கலங்கியிருந்தன. ஈராண்டுகளாக எம் இல்லத்தில் மறைக்கப்பட்டு வந்த ஒன்று அன்று அயல்நாட்டில் மதிக்கப்பட்டது.

இறுதியில் ரொட்டித்துண்டுகளைப் பாலிலும் முட்டையிலும் ஊறவைத்துச் சுட்ட இனிப்பை உண்டோம். மீந்த ரொட்டியை வீணாக்காத வீட்டுச் சிக்கனம் அதில் தெரிந்தது. பில் தொகையை மைத்துனர் எங்களுக்குக் காட்ட மறுத்துவிட்டார். அது எளியோர் நாள்தோறும் செல்லக்கூடிய இடம் அன்று என்பதை நாங்களே உணர்ந்துகொண்டோம்.

ஆனால், இத்தகைய இடங்களின் தொடக்கம் எளியது. இன்று செல்வர் கூடும் வில்டன்ஸ் என்னும் உணவகம் 1742 இல் சிப்பியும் இறாலும் விற்ற தெருக்கடையாகத் தொடங்கியது. 1896 இல் ஷீக்கி உணவகத்தைத் தொடங்கியவரும் சந்தையில் கடை வைத்திருந்தவரே. சாதாரண மக்களின் உணவாகிய பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மீனைப் பொரிக்கும் அம்முறையை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தவர்கள் ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளை விட்டு வந்த யூதர்கள். 1860 அளவில் கிழக்கு இலண்டனில் இரண்டையும் சேர்த்து விற்ற முதற் கடைக்காரர்களுள் ஒருவராகச் சொல்லப்படும் ஜோசப் மாலினும் யூதரே. குடியேறி வந்தவர்கள் தம் அடுக்களை மணத்தை மறைத்திருந்தால், ஆங்கிலேயர் தம் தேசிய உணவென்று சொல்லிக்கொள்ளும் பண்டம் ஒன்று இன்று இருந்திராது. நாமும் குடியேறி வந்தவர்களே என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஊர் திரும்பியதும் மகளிடம் இவையனைத்தையும் கூறினோம். அவள் உடனே மனம் மாறிவிட்டாள் என்று சொன்னால் அது பொய்யாகும். இன்றும் பள்ளிக்குத் தயிர்ச்சோறுதான் கொண்டு செல்கிறாள். ஆனால் அன்று இரவு ஒரு கேள்வி கேட்டாள்: "அங்கே ஒவ்வொரு மீனுக்கும் பெயர் எழுதியிருக்கிறது என்றீர்களே, நம் மீன்களுக்கு என்ன பெயர்?" நாங்கள் திடுக்கிட்டோம். இந்நகரத்தில் பிறந்து வளர்ந்த அவளுக்கு மீன் என்ற ஒரு சொல் மட்டுமே தெரியும். குற்றம் அவளுடையதன்று. நாம் சமைத்துப் போட்டோமேயன்றிப் பெயர் சொல்லிக் கொடுத்தோமில்லை. பெயர் அறியாத உணவைப் பிறர் இகழும்போது குழந்தை எந்தச் சொல்லைக்கொண்டு அதைக் காக்கும்?

மறுநாள் பாட்டி சொல்லச் சொல்ல அவள் ஏட்டில் எழுதினாள்: வஞ்சிரம், வவ்வால், சங்கரா, மத்தி, நெத்திலி, கிழங்கான், கானாங்கெளுத்தி, கொடுவா, பாறை, காரப்பொடி, திருக்கை, நாக்கு மீன். பட்டியல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதற்கடுத்த ஞாயிறன்று, மேல்தட்டிலிருந்த பொட்டலத்தை அவள் தாய் கீழே இறக்கினாள். சன்னல்களைச் சாத்தாமலே சமைத்தாள். மகள் சிறிதளவே உண்டாள். ஆனால் அடுக்களையை விட்டு எழுந்து போகவில்லை.

ஆகவே எங்கள் வேண்டுகோள் சிறியது. அடுத்த ஆண்டு விழாவில் சமையற்காரரிடம் பொதுச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்வதோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு குடும்பமும் தன் ஊர்ப் பண்டம் ஒன்றைக் கொண்டுவரட்டும். சைவமாயினும் அசைவமாயினும் தனித்தனி மேசையில் வைப்போம். பண்டத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் குழந்தைகள் தம் கையால் தமிழில் எழுதி அருகே வைக்கட்டும். மராத்தி பேசும் அண்டை வீட்டாரையும், மகளின் பள்ளித் தோழியரையும் அழைப்போம். அவர்கள் கேட்கும் வினாவுக்கு நம் குழந்தைகளே விடை சொல்லட்டும். எங்கள் இல்லத்தின் சார்பில் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு வரும் என்பதை இப்போதே அறிவித்துக்கொள்கிறோம்.