பித்தநாளப் புற்றுநோய்: அறுவைக்குப் பின் ஆயுளைக் கணிப்பது



"கட்டியை முழுசா எடுத்துட்டீங்களா டாக்டர்? இன்னும் எத்தனை வருஷம் இருப்பார்?" பித்தநாளப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்த மறுநாளே வீட்டார் கேட்பது இது. முதல் கேள்விக்கே அறுவை மருத்துவரிடம் உறுதியான பதில் இருக்காது. கண்ணுக்குத் தெரிந்ததை எடுத்துவிட்டேன் என்றுதான் அவர் சொல்ல முடியும். மீதிப் பதில் நோயியல் துறையின் மேசையில் இருக்கிறது. நான் பேச வந்தது அந்த மேசையைப் பற்றி.

வலது, இடது பித்தநாளங்கள் கூடும் இடத்தில் வரும் கட்டியை 13 நோயாளிகளை வைத்து விவரித்தார் அமெரிக்க மருத்துவர் ஜெரால்டு கிளாட்ஸ்கின். ஆண்டு 1965. கட்டி நாளத்தில் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்து 1975இல் பிஸ்முத்தும் கார்லெட்டும் வகை பிரித்தார்கள். எந்தப் பக்கக் கல்லீரலை வெட்டுவது என்று முடிவுசெய்ய அந்த வகைப்பாடு இன்றும் கைகொடுக்கிறது. ஆயுளைக் கணிக்க அது போதாது. இரத்தத்தில் பார்க்கும் சிஏ 19-9 என்ற புற்றுக் குறிப்பானின் அளவும் அப்படித்தான். பித்தநாளம் அடைத்துக் காமாலை வந்தாலே அது ஏறிவிடும். லூயிஸ் என்ற இரத்தவகை ஆன்டிஜென் பிறவியிலேயே இல்லாதவர்களுக்கோ நோய் முற்றினாலும் பெரும்பாலும் ஏறாது.

மேசைக்கு வருவோம். ஃபார்மலினில் ஊறிய கல்லீரல் துண்டின் வெட்டு விளிம்புகளில் முதலில் மை தடவுகிறார்கள். பிறகு மெல்லிய துண்டுகளாக அரிந்து ஸ்லைடு செய்கிறார்கள். அந்த மையைப் புற்றுச் செல் தொட்டு நின்றால் உடலுக்குள் மிச்சம் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். அடுத்தது நிணநீர்க் கணுக்கள். நாளத்தை ஒட்டிய கொழுப்பை விரலால் பிசைந்து பிசைந்து தேட வேண்டும். சில கணுக்கள் துவரம்பருப்பு அளவுகூட இருக்காது. பொறுமையில்லாதவர் இரண்டு கிடைத்ததும் நிறுத்திவிடுவார். அறிக்கையில் 'கணுக்களில் நோய் இல்லை' என்று வரும். எட்டுப் பத்துக் கணுக்களைத் தேடிப் பார்த்து எழுதியவரின் அறிக்கையிலும் அதே வாசகம்தான். இரண்டுக்கும் ஒரே மதிப்பா? பித்தநாளப் புற்றில் கல்லீரலுக்குள் எழும் வகைக்குக் குறைந்தது 6 கணுக்களையாவது பார்க்கச் சொல்கிறது, புற்றின் நிலையை வகுக்கும் டிஎன்எம் முறையின் எட்டாம் பதிப்பு.

ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகக் குழு, நாளங்கள் கூடும் இடத்துக் கட்டிகளுக்கு 34 ஆண்டுகளில் செய்த 574 அறுவைகளின் கணக்கை 2013இல் வெளியிட்டது. ஐந்தாண்டு தாண்டியவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர். கணுவில் நோய் இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையே பெரிய இடைவெளி.

பிரிட்டனின் பில்கேப் ஆய்வில் 447 பேர். பித்தப்பைப் புற்று உள்ளவர்களும் அதில் உண்டு. அறுவைக்குப் பின் கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 51 மாதம், எடுக்காதவர்களுக்கு 36. சேர்ந்த எல்லாரையும் கணக்கில் எடுத்தால் இந்த வேறுபாடு புள்ளியியல் வரம்பைத் தாண்டவில்லை. ஆனாலும் மாத்திரை வழக்கத்துக்கு வந்துவிட்டது, அது சரி என்பதே என் எண்ணம். வீட்டாரிடம் '36 மாதம்' என்று மட்டும் சொல்லி எழுந்துவிடுவதைத்தான் நான் ஏற்கமாட்டேன். பாதிப்பேர் அதற்கு முன் போனார்கள், பாதிப்பேர் அதற்குப் பின்னும் இருந்தார்கள் என்பதே அதன் பொருள். மனிதருக்குக் காலாவதித் தேதி ஒட்டும் வேலை நம்முடையதல்ல.

இப்போது நோமோகிராம்கள் வந்திருக்கின்றன. கணு, விளிம்பு, கட்டியின் தன்மை எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டினால் விடை வரும். இருவரில் யார் கூடுதல் காலம் இருப்பார் என்று சரியாகச் சொல்லும் திறனை 0.5 முதல் 1 வரை அளக்கிறார்கள், 0.5 என்றால் பூவா தலையா. இந்த நோய்க்கான கருவிகள் பல 0.7ஐ ஒட்டியே நிற்கின்றன. அதுவும் உள்ளே போடும் தகவல் சரியாக இருந்தால்தான்.

ஆகவே மருத்துவ மாணவர்களே, எத்தனை கணுக்கள் பார்த்தீர்கள், எத்தனையில் நோய், விளிம்பிலிருந்து கட்டி எத்தனை மில்லிமீட்டர், நரம்பைச் சுற்றிப் பரவியிருக்கிறதா: இந்த நான்கையும் எழுதாமல் எந்த அறிக்கையிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.