15-க்கு 15

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சிவில் படித்தவன் கான்கிரீட்டைப் பற்றிப் பேசுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் என் மண்டையைப் பற்றிப் பேசப்போகிறேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்கிறது. இருக்கட்டும்.

2021-ல் ஒரு மாலை, சைட்டிலிருந்து திரும்பும்போது பைக் சறுக்கி விழுந்தேன். ஹெல்மெட் இருந்தது, பெட்ரோல் டேங்கின் மேல். விழுந்தது எனக்கு ஞாபகமில்லை. ஆஸ்பத்திரியில் "பைக் எங்கே?" என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டே இருந்தேனாம். பதில் சொன்ன ஐந்தாவது நிமிடம் மறுபடி அதே கேள்வி.

ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. சுயநினைவை அளக்க, 1974-ல் கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜென்னெட் என்ற இரு டாக்டர்கள் ஒரு அளவுகோல் வெளியிட்டார்கள். கண் திறக்க 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6, மொத்தம் 15. ஒன்றுமே செய்யாவிட்டாலும் 3 கிடைக்கும். (நம் இன்டர்னல் மார்க் மாதிரி!) மறுநாள் காலை எனக்கு 15-க்கு 15. இந்தக் கல்லூரியில் எந்த பேப்பரிலும் நான் வாங்காத மார்க். மூன்றாவது வாரம் வேலைக்குப் போய்விட்டேன்.

ஒரு ஸ்லாப்புக்குக் கம்பி கட்டியதைப் பார்த்து ஓகே சொன்னேன். மேஸ்திரி தயங்கித் தயங்கி, "சார், டிராயிங்ல நூத்தம்பதுன்னு இருக்கே, காலைல நீங்க எரநூறுன்னு சொன்னீங்களே" என்றார். "நான் சொல்லவே இல்லை" என்று ஆட்கள் முன்னால் கத்தினேன். என் டைரியில் 200 மி.மீ. என்று என் கையெழுத்திலேயே இருந்தது. கான்கிரீட் போடுமுன் பிடித்துவிட்டார், புண்ணியவான்.

வீட்டிலும் அதே கோபம். "நீங்க பழைய ஆளா இல்லீங்க" என்றாள் மனைவி. அதற்கும் கோபம். அவள்தான் விடாப்பிடியாக ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம் அழைத்துப் போனாள்.

100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். 93, 86... அப்புறம் இருட்டு. ஸ்ட்ரக்சுரல் டிசைன் எழுதிப் பாஸானவன் சார் நான்! பிறகு ஒரு தாளில் 25 வட்டங்கள். 1, ஏ, 2, பி என்று எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைக்க வேண்டும். கையில் ஸ்டாப்வாட்ச். எண்ணைப் பிடித்தால் எழுத்து நழுவியது.

அந்த 15 மார்க் நான் விழித்திருக்கிறேனா என்று பார்க்கத்தான். வேலை செய்ய முடியுமா என்று சொல்ல அல்ல. அடிபடும்போது மூளைக்குள் நுண்ணிய நரம்பு இழைகள் இழுபட்டிருக்கலாம், சாதாரண சி.டி. ஸ்கேனில் அது பெரும்பாலும் தெரியாது. கவனம், வேகம், திட்டமிடல், பொறுமை இவைதான் அடிவாங்குகின்றன. விபத்துக்குப்பின் எவ்வளவு நேரம் கழித்துத் தொடர்ச்சியான ஞாபகம் திரும்பியது என்பதையும் அந்த அம்மா துருவித் துருவிக் கேட்டார். அது ஒரு நாளைத் தாண்டினால் காயம் கடுமையானது என்று கணக்காம்.

ஒரே கேள்வித்தாளை எனக்கும் மனைவிக்கும் தனித்தனியாகக் கொடுத்தார்கள். என் தாளில், மறதி: இல்லை, கோபம்: இல்லை. அவள் தாளை நான் படித்து முடிக்க வெகுநேரம் ஆனது. அடிபட்ட உறுப்பிடமே போய் 'நலமா?' என்று கேட்டால் அது வேறென்ன சொல்லும்? 7 நாள் க்யூபை உடைத்துப் பார்த்து 28 நாள் பலம் வந்துவிட்டது என்று எந்த இன்ஜினியராவது சென்டரிங் பிரிப்பானா? நான் பிரித்துவிட்டேன்.

முதலில் அரைநாள் வேலை. எதையும் எழுதிவைத்து, இன்னொருவர் சரிபார்த்த பிறகே கையெழுத்து. மூன்று மாதம் கழித்து மறுபடி டெஸ்ட், வேறு தாளில். பழைய தாளைக் கொடுத்தால் பழக்கத்தாலேயே மார்க் ஏறிவிடுமாம். அரியர் எழுதிய நமக்கு அது தெரியாதா? ஓராண்டில் கணக்கு திரும்பியது. மேஸ்திரியிடம் அதே ஆட்கள் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். அவர்தான் கூச்சப்பட்டார்.

வாசனை மட்டும் வரவேயில்லை. மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் மெல்லிய நரம்புகள் அறுந்திருக்கலாம் என்கிறார்கள். நேற்று இரவு ஹாஸ்டல் மெஸ்ஸில் சாம்பார் வந்ததும் பக்கத்து நண்பன் மூக்கைச் சுளித்தான். நான் இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டேன்.