காட்டைக் காத்தவனுக்குக் காணி இல்லை



காணியென்றால் உறுதி, உறுதியென்றால் எல்லை என அறிந்தவர்கள் நாம். ஒரு வேலிக் கதியாலுக்காக நீதிமன்றப் படியேறியவர்களும் நம்மிடையே உளர். ஆதலின் போர்ணியோத் தீவிலே, மலேசியாவின் சரவாக் மாநிலத்திலே வாழும் பெனான் மக்களின் வழக்கு நமக்கு எளிதில் விளங்கும்.

பாராம், லிம்பாங் ஆறுகளின் தலைப்பகுதிகளில் மழைக்காட்டை நம்பி வாழ்ந்து வந்தவர்கள் இம்மக்கள். காட்டுச் சவ்வரிசிப் பனையின் மாவே அவர்களுக்குச் சோறு. புதராய் வளரும் அப்பனையில் முற்றிய தண்டை மாத்திரம் தறித்து, இளந்தண்டுகளைப் பின்னாளுக்கு விட்டுவைப்பர். இவ்வாறு குறித்துவைத்துப் பேணும் முறைக்கு 'மொலொங்' என்று பெயர். ஒருவர் குறித்ததை மற்றவர் தொடார். எழுதாத உறுதி அது!

சட்டமோ வேறு கணக்குப் போட்டது. சுதேசிகளின் வழக்காற்றுரிமை எவ்வாறு பிறக்கும் என்பதைச் சரவாக்கின் 1958ஆம் ஆண்டுக் காணிச் சட்டம் வரிசைப்படுத்துகிறது. கன்னிக்காட்டை வெட்டிக் குடியிருத்தல், பழமரம் நடுதல், வெட்டிய நிலத்தைப் பயிரிடுதல், இடுகாடு அமைத்தல் என்பன அவற்றுட் சில. அவையும் 1958 சனவரி 1ஆந் திகதிக்கு முன் நடந்திருத்தல் வேண்டும். பின்னரெனின் அனுமதிப்பத்திரம் வேண்டும். இதன் பொருள் யாது? காட்டை வெட்டியவன் உரிமையாளன். வெட்டாது காத்தவன் வழிப்போக்கன்.

இந்த ஓட்டையினூடாகவே மரக் கொம்பனிகள் நுழைந்தன. 1970களிலும் 1980களிலும் அரசாங்க அனுமதியுடன் இயந்திரங்கள் மலையேறின. பனை நசிந்தது, ஆறு சேறாயிற்று, மீன் அருகிற்று, காட்டுப்பன்றி அகன்றது. சந்தையை நாடாது உண்டவன் ஒரே தலைமுறைக்குள் அரிசிக்குக் கையேந்த நேர்ந்தது. காடு இருந்தவரை இல்லாத வறுமை, காடு போனபின் வந்து குந்திற்று. 1987இல் அம்மக்கள் மரப்பாதைகளை மறித்து நின்றனர். அதே ஆண்டில் வனச்சட்டம் திருத்தப்பட்டு, அவ்வாறு மறித்தல் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயிற்று.

மன்றுகளிலும் போராட்டம் நடந்தது. வெட்டாத காடும் வழக்காற்றுரிமைக்குள் அடங்கும் என, இபான் மக்கள் தொடுத்த வழக்கிலே 2001இல் உயர்நீதிமன்றம் தீர்த்தது. மக்கள் வரைந்த நிலப்படமும் அவ்வழக்கில் சான்றாய் நின்றது. அவ்வாண்டிலேயே வந்த நில அளவையாளர் சட்டம், உரிமம் இல்லாதோர் இத்தகைய படம் வரைவதற்குத் தடையாயிற்று! 2005இல் மேன்முறையீட்டில், சான்று போதாதென்று அம்மக்கள் தோற்றனர். 2016இல் மற்றொரு வழக்கிலே கூட்டாட்சி நீதிமன்றத் தீர்ப்பும் அரசுக்கே சாதகமாயிற்று. 2018ஆம் ஆண்டுத் திருத்தம் இத்தகைய நிலத்துக்கும் பத்திரம் பெற வழி திறந்ததாயினும், பொது எல்லை 500 ஹெக்டேயர், அதாவது ஏறக்குறைய 1,235 ஏக்கர். நாட்கணக்கில் நடந்து உணவு தேடிய மக்களுக்கு அது வீட்டு முற்றம்.

நம் முன்னோரின் வழக்காறு 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் தேசவழமையாக ஏடேறியதனால் இன்றும் மன்றிலே பேசுகின்றது. பெனான் மக்களின் வழக்காறும் அதுபோல் மதிக்கப்படத் தக்கதே. 

காயான் இனத்தவரான ஹாரிசன் ஙாவ் 1987இல் விசாரணையின்றித் தடுத்துவைக்கப்பட்டார். 1990இல் பாராம் தொகுதி அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று. பின்னர் அவர் சட்டம் பயின்று சுதேசிகளுக்காக வழக்காடினார். சட்டம் பயின்ற நாம் பின்பற்றத்தக்க பாதை அதுவே.

இன்று பெனான் மக்களுட் பெரும்பாலோர் ஊர்களில் நிலைத்து, மலைநெல் விளைத்து, பிரம்புப்பாய் முடைகின்றனர். பிரம்புக்குக் காடு வேண்டும். காட்டுக்கு எல்லை வேண்டும். எல்லைக்கு உறுதி வேண்டும். நிவாரண அரிசி ஒரு மாதத்துக்கு, உறுதியோ பேரப்பிள்ளைக்கு. வாய்வழக்காய் நிற்கும் குளத்துரிமையும் மேய்ச்சல் தரையும் பாதையுரிமையும் நம் ஊர்களிலும் உள. பிறர் வந்து அளக்குமுன் அவற்றை எழுத்திலும் படத்திலும் ஏற்றுவோமாக!