ஆழ்கடலிற் காண்பதும் கொள்வதும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே உள்ள கொக்குவில், கடற்றொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர் அன்று. புகையிலைத் தோட்டங்களும் சுருட்டுத் தொழிலும் அதன் பழைய அடையாளங்கள். ஆயினும் அவ்வூரிற் கிணறு வெட்டியவர்கள் யாவரும், தாம் அறிந்தோ அறியாமலோ, ஒரு கடலின் அடித்தளத்தையே வெட்டியிருக்கின்றனர். மேல்மண்ணை நீக்கியதும் எதிர்ப்படுகின்ற சுண்ணாம்புக்கல், மயோசீன் என்று நிலவியலார் வழங்கும் காலத்திலே கடலிற் படிந்து இறுகியதாகும். ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், ஆழங் குறைந்த வெப்பக் கடலில் வாழ்ந்து மடிந்த சிற்றுயிர்களின் ஓடுகளும் சிப்பிகளும் பவளங்களுமே அக்கல்லாயின. குடாநாட்டு மக்கள் அருந்தும் நன்னீர் அக்கல்லின் வெடிப்புகளிலும் துளைகளிலுமே தங்கி நிற்கின்றது. ஆகவே, கடலடியிலே என்ன இருக்கிறது என்ற வினா கொக்குவில் மக்களுக்கு அந்நியமான வினா அன்று.

நிலமாகிவிட்ட கடலடியைக் காண மண்வெட்டியும் அலவாங்கும் போதும். இன்னும் கடலாகவே இருக்கும் அடித்தளத்தைக் காண்பதோ பெருமுயற்சி. குடாநாட்டுக்கு வடக்கேயுள்ள பாக்கு நீரிணை ஆழங் குறைந்தது. பருத்தித்துறையைக் கடந்து கிழக்கே வங்காள விரிகுடாவிற் செல்லச் செல்லக் கடலடி சரிந்து, 3,000 மீற்றருக்கும் கீழே இறங்குகின்றது. திருகோணமலைத் துறைமுகத்தின் வாயிலிலேயே ஒரு பெரும் பள்ளத்தாக்கு நீருக்குள்ளே தொடங்கி, அந்த ஆழத்தை நோக்கிச் செல்கின்றது.

அங்கே மனிதன் செல்லத் தடையாக நிற்பவை மூன்று. முதலாவது அமுக்கம். ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகின்றது. 6,000 மீற்றரிலே, மனிதனின் கட்டைவிரல் நகம் அளவான ஒரு சதுர சென்ரிமீற்றர் பரப்பை ஏறத்தாழ 600 கிலோகிராம் நிறை அழுத்தும். இரண்டாவது இருள். 200 மீற்றருக்குக் கீழே தாவரம் உணவு சமைப்பதற்கு வேண்டிய ஒளி இல்லை. 1,000 மீற்றருக்குக் கீழே ஞாயிற்றின் ஒளி சிறிதும் எட்டுவதில்லை. மூன்றாவது தனிமை. இந்தப் பேச்சை வீடுதோறும் கொண்டுசேர்க்கும் வானொலி அலைகள் கடல்நீரைக் கடந்து அவ்வாழத்துக்குச் செல்லமாட்டா. கீழே சென்றவர் மேலே உள்ளவரோடு பேசுதற்கு ஒலியலைகளையே நம்ப வேண்டும்.

இத்தடைகளை வெல்வதற்குத் தோன்றியதே மூழ்குகலம். 1934 ஆம் ஆண்டிலே, அமெரிக்கரான வில்லியம் பீபியும் ஒற்றிஸ் பார்ட்டனும் கப்பலிலிருந்து கம்பியிலே தொங்கவிடப்பட்ட ஓர் உருக்குக் கோளத்துள் அமர்ந்து, பெர்மியூடாத் தீவின் அருகே 923 மீற்றர் இறங்கினர். 1960 சனவரி 23 ஆம் நாள், ஜாக் பிக்கார்ட், டொன் வால்ஷ் என்னும் இருவர் ‘திரியெஸ்ற்’ என்ற கலத்திலே பசிபிக் பெருங்கடலின் மரியானா அகழியின் அடியைத் தொட்டனர். அதன் ஆழம் ஏறத்தாழ 10,900 மீற்றர்.

தமிழ்நாட்டிலும் இம்முயற்சி நடைபெறுகின்றது. சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடற்றொழில்நுட்ப நிறுவனம் ‘மத்ஸ்யா 6000’ என்னும் மூழ்குகலத்தை உருவாக்கி வருகின்றது. மூவர் அமரத்தக்க அதன் உள்ளறை, 2.1 மீற்றர் விட்டமும் 80 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள தைற்றேனியக் கோளமாகத் திட்டமிடப்பட்டது. கோள வடிவம் ஏன் எனின், எத்திசையிலிருந்து வரும் அமுக்கத்தையும் அது சமமாகப் பங்கிட்டுத் தாங்கும். 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே இக்கலம் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் நீரில் இறக்கிச் சோதிக்கப்பட்டது. அவ்வாண்டு ஓகத்து மாதத்தில் இந்தியர் இருவர் ‘நோட்டில்’ என்ற பிரெஞ்சுக் கலத்தில் அத்திலாந்திக் கடலில் இறங்கிப் பயிற்சி பெற்றனர். ஒருவர் 4,025 மீற்றரும் மற்றவர் 5,002 மீற்றரும் சென்று மீண்டனர்.

இதில் அவசரத்துக்கு இடமில்லை என்பதை 2023 யூன் 18 ஆம் நாள் உலகம் கண்டது. 3,800 மீற்றர் ஆழத்திற் கிடக்கும் ‘ரைற்றானிக்’ கப்பலைக் காணச் சென்ற ‘ரைற்றன்’ என்னும் கலம் அமுக்கத்தால் நொறுங்கி, உள்ளிருந்த ஐவரும் மாண்டனர். அக்கலத்தின் உடல் கோளமாக அமையவில்லை. காபன் நாரினால் இயன்ற உருளையாக இருந்தது.

இத்துணை இடருக்கு உட்பட்டு இறங்குவோர் அங்கே காண்பது யாது? கப்பல் மூழ்கினால் அது அழிந்தது என்று கரையில் உள்ளோர் எண்ணுவர். கடல் அதனை வேறு விதமாக ஏற்றுக்கொள்கின்றது. சேறும் மணலுமான வெளியிலே, பற்றிக்கொள்வதற்கு ஒரு கடினமான பொருள் கிடைத்துவிட்டால், பவளமும் கடற்பஞ்சும் அதன்மேல் வேரூன்றும். அவற்றை நாடிச் சிறுமீனும், சிறுமீனை நாடிப் பெருமீனும் வந்து சேரும். 1942 ஏப்பிரல் 9 ஆம் நாள், யப்பானிய விமானங்களின் குண்டுகளால் ‘ஹேர்மிஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. அதிலிருந்த 307 பேர் உயிரிழந்தனர். மூழ்குகலம் வேண்டாமலே பயிற்சி பெற்ற சுழியோடிகள் அடையக்கூடிய, 50 மீற்றர் அளவான ஆழத்தில் அது இன்றும் கிடக்கின்றது. அது ஒரு கல்லறை. அதே வேளையில் மீன்களுக்கு உறைவிடமுமாகும்.

இன்னும் ஆழத்திலே கண்டது அறிவியலின் ஒரு பழைய நம்பிக்கையையே மாற்றியது. 1977 ஆம் ஆண்டிலே ‘அல்வின்’ என்ற மூழ்குகலம் கலாபகஸ் தீவுகளுக்கு அப்பால் ஏறத்தாழ 2,500 மீற்றர் இறங்கியபோது, கடலடிப் பிளவுகளிலிருந்து வெந்நீர் ஊற்றெடுப்பதையும், அதனைச் சூழ உயிர்கள் செறிந்திருப்பதையும் கண்டனர். அங்கே ஞாயிற்றின் ஒளியில்லை. ஊற்றுநீரில் உள்ள இரசாயனப் பொருள்களிலிருந்து பற்றீரியாக்கள் உணவு ஆக்க, மற்றைய உயிர்கள் அவற்றைச் சார்ந்து வாழ்கின்றன. இந்து சமுத்திரத்திலும் இத்தகைய ஊற்றுகள் உண்டு. 2001 ஆம் ஆண்டிலே அவற்றுள் ஒன்றின் அருகே காணப்பட்ட நத்தையொன்று, தன் காலிலே இரும்புச் சல்பைட்டுச் செதில்களைக் கவசமாக அணிந்திருந்தது. 2019 ஆம் ஆண்டிலே அந்நத்தை அழியும் அபாயத்தில் உள்ளதென உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலிற் சேர்க்கப்பட்டது. ஆழ்கடலில் கனிமம் அகழப்படலாம் என்ற காரணம் பற்றி அவ்வாறு பட்டியலிடப்பட்ட முதல் உயிர் அதுவே.

இங்கேதான் காண்பது வேறு, கொள்வது வேறு என்ற எண்ணம் எழுகின்றது. கடலடியிலே உள்ள பொருளை மனிதன் மூன்று விதமாகக் கையாண்டுள்ளான். 1961 ஆம் ஆண்டிலே, இலங்கையின் தென்கிழக்கே பெரிய பாசஸ் என்னும் பாறைத்தொடரில், மைக் வில்சனும் அவரோடு சென்ற இளைஞர் இருவரும் ஒரு கப்பலின் சிதைவையும், சூரத்து நகரில் அச்சிடப்பட்ட ஔரங்கசீப் காலத்து வெள்ளி நாணயங்களையும் கண்டனர். ஆதர் கிளார்க்கும் அம்முயற்சியிற் பங்குகொண்டார். நாணயம் மேலே வந்தது. ஒரு கப்பலின் பெயரும் வழியும் நாணயத்தினால் மாத்திரம் தெரிய வருவனவல்ல. பொருள் கிடந்த கிடையும் அதற்குச் சான்றாக வேண்டும். இது ஒரு விதம்.

இரண்டாவது விதம் மிகக் கொடியது. 1942 பெப்ரவரியிலே யாவாக் கடற்போரில் மூழ்கிய ‘டி றொய்ற்றர்’, ‘யாவா’ ஆகிய டச்சுப் போர்க்கப்பல்களைத் தேடி 2016 இலே சுழியோடிகள் இறங்கியபோது, அவை கிடந்த இடத்தில் குழிகள் மாத்திரம் இருந்தன. பழைய இரும்புக்காக அவற்றைத் துண்டாடிக் கொண்டுசென்றுவிட்டனர். இறந்தோரின் எலும்புகளும் உடன்சென்றன.

மூன்றாவது விதம் அம்பாந்தோட்டைக்கு அருகேயுள்ள கொடவாயவிற் காணப்பட்டது. 2003 ஆம் ஆண்டிலே அவ்வூர்ச் சுழியோடிகள் கண்ட பழங்கலம், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் பழமையானது. தொல்லியலாளர் அங்கு இறங்கி, கண்ணாடிக் கட்டிகளையும் கற்பொருள்களையும் கிடந்த கிடையிலேயே அளந்து, வரைந்து, படம்பிடித்துப் பின்னரே சிலவற்றை எடுத்தனர். அதனாலேயே அக்கலம் ஒரு வரலாறாயிற்று.

கப்பலுக்குப் பொருந்தும் இந்நீதி கடலடிக்கும் பொருந்தும். மத்தியச் இந்து சமுத்திரத்தின் அடியிலே மங்கனீசு, நிக்கல், செம்பு, கோபாற்று ஆகியன கொண்ட உருண்டைகள் பரந்து கிடக்கின்றன. 75,000 சதுர கிலோமீற்றர் பரப்பிலே அவற்றை ஆராயும் உரிமையை இந்தியா சர்வதேசக் கடலடி அதிகாரசபையிடம் பெற்றுள்ளது. அவ்வுருண்டை ஒன்று சில மில்லிமீற்றர் வளர்வதற்குப் பத்து இலட்சம் ஆண்டுகள் செல்லும். 1989 ஆம் ஆண்டிலே தென்னமெரிக்காவின் பெரூ நாட்டுக்கு அப்பால் 4,000 மீற்றருக்குக் கீழே அறிஞர்கள் சோதனைக்காகக் கடலடியை உழுதனர். 2015 இலே மீண்டும் சென்று பார்த்தபோது, உழுத தடங்கள் அழியாமல் இருந்தன. வாழ்ந்த உயிர்களெல்லாம் திரும்பிவிடவில்லை.

கடலடியை உழுதல் என்றதும் வடபுலத்து மீனவர்க்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. இழுவைமடி தரையை வாரிச் செல்வதால் மீன்குஞ்சும் சங்கும் கடற்புல்லும் ஒருங்கே அழிவதை அவர்கள் நெடுங்காலமாக எடுத்துரைத்து வந்தனர். 2017 ஆம் ஆண்டிலே இலங்கைப் பாராளுமன்றம் அத்தொழிலைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. எனினும் பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் வாழும் தமிழ் மீனவரிடையே அது தீராத வழக்காகவே இருந்து வருகின்றது. இது பத்து மீற்றர் ஆழத்திலும் பலர் கண்ணெதிரிலும் நடைபெறுவது. ஆறாயிரம் மீற்றர் ஆழத்திலே அழிவு நேர்ந்தால் அதை எடுத்துரைக்க அங்கே மீனவரும் இலர்.

அங்கே சாட்சியாக இருக்கக்கூடியது மூழ்குகலம் ஒன்றே. அதனைச் செய்வோர் அமுக்கத்தைத் தாங்கும் கோளத்தை வார்ப்பதில் எத்துணைப் பொறுமை காட்டுகின்றனரோ, அத்துணைப் பொறுமை அதிற் சென்று கண்டதை எழுதுவதிலும் வேண்டும். கொக்குவிலுக்கு அயலூரான திருநெல்வேலியிலே, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மீன்பிடியியல் ஒரு துறையாகக் கற்பிக்கப்படுகின்றது. அங்கே பயிலும் இளைஞருள் ஒருவர் நாளை அக்கோளத்துள் அமர்ந்து, திருகோணமலைப் பள்ளத்தாக்கில் இறங்கவுங் கூடும். அவ்வாறு இறங்குபவர் முதலிற் செய்யவேண்டியது எண்ணுதலும் அளத்தலும் பதிதலுமே. எடுக்கலாமா என்ற கேள்விக்கு விடை, அந்தப் பதிவைப் பார்த்தபின் கரையிலுள்ளோர் யாவரும் கூடிச் சொல்லவேண்டியதாகும்.