ஓட்டும் கற்பூரச் சத்தியமும்

(தேர்வாய் கண்டிகையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சட்டசபைக்கு நிற்கும் அபேட்சகர் எப்படிப் பிரசாரம் செய்கிறார், அதை நாம் எப்படி எடுத்துக் கொள்ளவேண்டும் என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லும்படி கேட்டிருக்கிறீர்கள். நான் பெரிய படிப்புப் படித்தவனல்ல. தேர்தல் சட்டத்தை எழுத்துக்கூட்டிப் படித்துத் தெரிந்து கொண்டதைத்தான் சொல்லப் போகிறேன். நான் சொல்லுகிறேன் என்பதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

முதலாவது, அபேட்சகர் மனுப் போடும் வைபவத்தைப் பாருங்கள். மனு வாங்குவது காலை 11 மணி முதல் பிற்பகல் 3 மணி வரைதான். புதன்கிழமையானால் 12 முதல் 1.30 வரை இராகு காலம். அந்த ஒன்றரை மணி நேரமும் தேர்தல் அதிகாரி ஈ ஓட்ட வேண்டியதுதான்! 2021ஆம் வருஷத்துத் தேர்தலில் 234 ஸ்தானங்களுக்குச் சுமார் 4,000 பேர் நின்றார்கள். பெரும்பாலோர் நேரம் பார்த்து, எலுமிச்சம்பழம் வைத்துக் கிளம்பியவர்களே. ஜெயித்தவர்கள் 234 பேர். மற்றவர்களுக்கு நல்ல நேரம் என்ன செய்தது? செல்லும்படியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குகூட வாங்காதவனுக்குக் கட்டிய டிபாசிட்டுப் பணம் போய்விடுகிறது. அதைத் திருப்பிக் கொடுக்கும் பஞ்சாங்கம் எங்காவது உண்டா?

பிறகு ஊர்வலம் வருகிறது. ஊர்ப் பக்கம் கோயிலில் இறங்கிப் பரிவட்டம் கட்டிக் கொள்ளுகிறார். காலனிப் பக்கம் வந்தால் ஜீப்பின் மேல் நின்றபடியே கும்பிடு. ஆலத்தி எடுக்கும் தாய்மார்களின் தட்டில் ஒரு நோட்டு விழுகிறது. அதற்குப் பெயர் மரியாதையாம்! ஐந்து வருஷம் நமக்கு வேலை செய்யவேண்டிய ஆளுக்கு நாம் ஆலத்தி எடுப்பதா? வேலைக்கு வருகிறவனை என்ன தெரியும் என்று கேட்பது வழக்கமா, திருஷ்டி கழிப்பது வழக்கமா?

இனிப் பணத்தின் கணக்கைப் பார்ப்போம். சட்டசபை அபேட்சகர் ஒருவர் 40 லட்ச ரூபாய்க்கு மேல் செலவு செய்யக்கூடாது என்று 2022இல் வரம்பு கட்டியிருக்கிறார்கள். உங்கள் கும்மிடிப்பூண்டித் தொகுதியில் 2021இல் ஓட்டர்கள் 2.5 லட்சத்திற்கு மேல் இருந்தார்கள். கொடி, கார், மைக், துண்டு நோட்டீஸ் எதுவுமே இல்லாமல் 40 லட்சத்தையும் பங்கு போட்டாலும் தலைக்கு 16 ரூபாய்தான் வரும். ஆகவே 500 ரூபாய் கொடுப்பவன், சட்டம் செய்யும் சபைக்குப் போகும் வழியிலேயே சட்டத்தை உடைத்துவிட்டுத்தான் போகிறான். மிச்சப் பணம் எங்கிருந்து வந்தது? போட்டவன் எங்கே எடுப்பான்? உங்கள் ஏரி மண்ணிலும், ரோடு கண்டிராக்டிலும்தானே எடுப்பான்? அந்த 500 ரூபாயையும் ஐந்து வருஷத்திற்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 30 காசு கூட இல்லையே!

இது கற்பனையல்ல. 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர்த் தேர்தல்களும், 2017 ஏப்ரலில் சென்னை இராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தலும், 2019இல் வேலூர் பார்லிமெண்டுத் தேர்தலும் பணப் பட்டுவாடாவின் காரணமாகவே நிறுத்தப்பட்டன.

பணத்தோடு நிற்காமல் கற்பூரம் ஏற்றிச் சத்தியமும் வாங்குகிறார்கள். ஏழை ஜனங்கள், “வாங்கிவிட்டோம், மாற்றிப் போட்டால் சாமி கண்ணைக் கெடுத்துவிடும்” என்று நடுங்குகிறார்கள். தோழர்களே! லஞ்சம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். இருவருக்கும் ஓராண்டு வரை சிறை உண்டு. அப்படிப்பட்ட பேரத்துக்குச் சாட்சியாகச் சாமியைக் கொண்டுவந்து நிறுத்துகிறவன் பக்தனா? அந்தச் சாமிக்குச் சக்தி இருந்தால் பணம் கொடுத்த கையை அல்லவா முதலில் பிடிக்கவேண்டும்? தெய்வ கோபம் வரும் என்று ஓட்டரைப் பயமுறுத்துவது 1951ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123ஆவது பிரிவின்படி தேர்தல் ஊழல். மதத்தின் பேராலும் ஜாதியின் பேராலும் ஓட்டுக் கேட்பதும் அப்படியே. 2017இல் சுப்ரீம் கோர்ட்டு இதை இன்னும் விரித்து, ஓட்டரின் ஜாதி மதத்தைச் சொல்லிக் கேட்பதும் ஊழலே என்று தீர்ப்பளித்திருக்கிறது. நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்று சொல்லும்படி எவரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. எனவே பயம் வேண்டாம். பணத்தை வாங்காதீர்கள். மிரட்டி வாங்கிய சத்தியம் சத்தியமல்ல.

அப்படியானால் அபேட்சகரிடம் என்ன கேட்பது? உங்கள் ஊரிலேயே கேள்வி மலைபோல் கிடக்கிறது. 1,100 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் சிப்காட்டுக்குப் போயிற்று. அது எங்கள் மேய்ச்சல் தரை, எங்கள் ஏரிகளுக்குத் தண்ணீர் தரும் காடு என்று நீங்கள் போராடினீர்கள். 2009இல் மிச்செலின் டயர் கம்பெனி சர்க்காரோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. 2012இல் உங்கள் முறையீடு பிரான்சு தேசம் வரை சென்றது. 2020 நவம்பரில் கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் திறந்தார்கள். கொள்ளளவு 50 கோடி கன அடி, தண்ணீர் சென்னைக்கு. இதற்கிடையில் 2011இல் தே.மு.தி.க.வின் சி.எச்.சேகர், 2016இல் அ.தி.மு.க.வின் கே.எஸ்.விஜயகுமார், 2021இல் தி.மு.க.வின் டி.ஜெ.கோவிந்தராஜன் என்று மூன்று கட்சிக்காரர்களை அனுப்பினீர்கள். அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆள் மாறினாலும் கேட்க வேண்டியதைக் கேட்டோமா என்றுதான் கேட்கிறேன்.

தொழிற்சாலை வேண்டாமென்பதும் என் வாதமல்ல. இயந்திரத்தை வெறுப்பவன் பகுத்தறிவுக்காரனாக மாட்டான். ஆனால் நிலம் கொடுத்த ஊராரில் எத்தனை பேருக்கு நிரந்தர வேலை? எத்தனை பேர் கண்டிராக்டுக் கூலி? மேய்ச்சல் போன வீட்டில் மாடு எங்கே? ஏரியில் கலக்கும் கழிவை யார் சோதிப்பது? இவற்றை எழுதிக் கொடுத்து, பதிலையும் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். அபேட்சகர் தம் சொத்து, கடன், கிரிமினல் வழக்கு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தே தீரவேண்டும். அதைப் படித்த பிள்ளைகளைக் கொண்டு இந்தத் தெருவில் உரக்க வாசிக்கச் செய்யுங்கள்.

ஒரு காலத்தில் நிலமும் வரியும் உள்ளவனுக்கே ஓட்டு இருந்தது. வயது வந்த ஒவ்வொரு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஓட்டு என்று முதல் பொதுத் தேர்தல் நடந்தது 1951-52இல்தான். நிலம் போன பிறகும் உங்களிடம் மீதியிருக்கும் சொத்து அந்த ஓட்டு ஒன்றுதான். அதையும் கற்பூரத் தட்டில் வைத்துக் கொடுத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறேன்.