கூட்டத் தொடர் முடிந்தபின்

(காட்டேரிக்குப்பத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி நிகழ்த்திய சொற்பொழிவு)



விதையையும் உரத்தையும் பற்றிப் பேசுவோம் என்று எண்ணி வந்திருப்பீர்கள். அது மற்றொரு நாளைக்கு ஆகட்டும். சட்டசபையில் ஓட்டெடுப்பு நடந்து, கூட்டத் தொடரும் முடிந்து, அங்கத்தினர்கள் ஊர் திரும்பியபின் நாம் கவனிக்க வேண்டியது என்ன என்பதே இன்று எடுத்துக்கொண்ட பொருள்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. சில மாதங்களுக்கு முன் ஒரு பெரியவர் நம் அலுவலகத்துக்கு வந்தார். வீடு இப்பக்கம், நிலம் விழுப்புரம் மாவட்டத்தில். "ஐயா, தமிழ்நாட்டுச் சபையில் நிலத்தைப் பற்றி ஒரு மசோதா நிறைவேறிற்றாமே, அது சட்டமாகிவிட்டதா? எங்கள் தொகுதிக்காரர் அதற்குக் கை தூக்கினாரா?" என்று வினவினார். பட்டம் பெற்றிருக்கிறோம், பல்லாண்டு சர்க்கார் உத்தியோகமும் பார்த்திருக்கிறோம். இரண்டு கேள்விக்கும் நம்மிடம் விடை இல்லை. பத்திரிகையில் வந்தது என்று ஏதோ சொல்லி அனுப்பிவிட்டோம். அவர் படியிறங்கிப் போனபின் வெட்கமாயிருந்தது.

பிறகு தேடிப் படித்தோம். அவர் கேட்டது தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) மசோதா. ஏரி, ஓடை, வாய்க்கால் போன்ற நீர்நிலைகள் உள்ளடங்கிய, 100 ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் பெருந்திட்டம் அமைப்பதற்கு வழி செய்வது அது. 2023 ஏப்ரல் 21-ஆம் தேதி, கூட்டத் தொடரின் கடைசி நாளில், விவாதமின்றி நிறைவேறியது. அன்று பல மசோதாக்கள் அடுத்தடுத்து வந்தன. பிறகு ஒப்புதல் பெற்றுச் சட்டமாயிற்று. விவசாய சங்கங்கள் பெரிதாகக் குரல் எழுப்பியது அதற்குப் பின்னர்தான். வாய்க்கால் யாருடைய வயலுக்குப் பாய்கிறதோ, அவருக்குச் செய்தி கடைசியில் வந்து சேர்ந்தது.

முதற் கேள்விக்கு விடை கிடைத்தது. இரண்டாவது கேள்விக்கோ எந்த ஏட்டிலும் விடை இல்லை. காரணம், அது குரல் ஓட்டு. ஏற்போர் 'ஆம்' என்பர், மறுப்போர் 'இல்லை' என்பர். ஓசையைக் கேட்டுச் சபாநாயகர் முடிவு கூறுவார். யார் எப்பக்கம் என்று பெயர் எழுதப்படுவதில்லை. எண்ணிக்கை ஓட்டு வேண்டுமெனக் கோரி, அது நடந்தால் மட்டுமே பெயர் ஏட்டில் ஏறும். 2017 பிப்ரவரி 18-இல் தமிழ்நாட்டில் நடந்த நம்பிக்கை ஓட்டெடுப்பு அவ்வாறு எண்ணப்பட்டது: ஆதரவு 122, எதிர்ப்பு 11. அந்த 11 பேர் இன்னார் என்று திட்டமாகத் தெரிந்தமையால், அவர்கள் பதவி பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. குரல் ஓட்டாயிருந்தால் எதை வைத்து வழக்காடுவது?

நம் புதுச்சேரியையே பாருங்கள். 2021 பிப்ரவரி 22-ஆம் தேதி மந்திரிசபை "ஓட்டெடுப்பில் தோற்றது" என்று டீக்கடையிலும் சொல்கிறோம். நடந்தது அப்படியன்று. முதலமைச்சர் நாராயணசாமி நம்பிக்கைத் தீர்மானத்தின் மீது பேசி முடித்ததும் தம் அணியினருடன் வெளியேறினார். தீர்மானம் வெற்றி பெறவில்லை என்று சபாநாயகர் அறிவித்தார். நியமன அங்கத்தினர் மூவருக்கும் ஓட்டுரிமை உண்டா என்ற சச்சரவும் அன்று எழுந்தது. நியமித்தது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே தீர்ப்பளித்திருந்தது. எக்கட்சிக்கும் பரிந்து பேசுவது நம் வேலையன்று. ஊர்ப்பேச்சு வேறு, சபைக்குறிப்பு வேறு என்பதற்காகச் சொல்கிறோம்.

ஓட்டு விழுந்ததும் காரியம் முடிந்தது என்று எண்ணுவதும் தவறு. வில்லியனூர்ப் பக்கத்துக் கீழூரில் 1954 அக்டோபர் 18-இல் நடந்ததை உங்கள் பாட்டனார் சொல்லியிருப்பார். பிரதிநிதி சபையினரும் முனிசிபல் கவுன்சிலர்களுமாக 178 பேர் கூடினர். இந்தியாவுடன் இணைய 170 பேர், வேண்டாமென 8 பேர். நிர்வாகம் நவம்பர் முதல் தேதியே கைமாறியது. ஆனால் ஒப்பந்தம் 1956-இல் கையெழுத்தாகி, பிரெஞ்சுப் பார்லிமெண்டு ஏற்று, சட்டப்படியான இணைப்பு முடிந்தது 1962 ஆகஸ்டு 16-இல்தான். 170 ஓட்டு விழுந்த பின்னும் ஏறக்குறைய எட்டாண்டு!

நம் கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டம் 1973-ஆம் ஆண்டினது. அதன்படி ஓட்டுப் பெட்டி ஊருக்கு வந்தது 2006-இல். அப்போது தேர்ந்தவர்களின் காலம் 2011-இல் முடிந்தபின் மீண்டும் நெடிய இடைவெளி. இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அதன் பலனை அனுபவித்தவர்கள் நீங்கள்.

எனினும், நிறைவேறியது திரும்பாது என்று சோர்வதற்கும் இடமில்லை. நாம் சொன்ன அதே 2023 ஏப்ரல் 21-இல் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் ஒன்றும் குரல் ஓட்டில் நிறைவேறியது. வேலை நேரத்தை 12 மணியாக்க இடமளித்தது அது. தோழமைக் கட்சியினரே வெளிநடப்புச் செய்தனர். தொழிற்சங்கங்கள் உடனே எழுந்தன. மே முதல் தேதி அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். பத்தே நாள்! தொழிலாளருக்கு அன்றே தெரிந்தது. நிலமுடையோருக்குப் பிந்தித்தான் தெரிந்தது. இவ்விரண்டு மசோதாக்களின் கதையிலும் வேறு காரணங்கள் இருக்கலாம். நமக்குப் பெரிதாகப் படுவது இதுவே.

ஆகவே ஊருக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். கூட்டத் தொடர் முடிந்த வாரமே, நிலம், நீர், பஞ்சாயத்து ஆகியவற்றைத் தொட்ட மசோதாக்களின் பெயரை மட்டும் எழுதுங்கள். எல்லாவற்றையும் எழுதப் புகுந்தால் மூன்றாம் மாதம் புத்தகம் பரணுக்குப் போகும். குரல் ஓட்டா, எண்ணிக்கை ஓட்டா? தொகுதி அங்கத்தினர் அன்று சபையில் இருந்தாரா? பிறகு மசோதா எங்கே நிற்கிறது? ஆளுநரிடமா, துணைநிலை ஆளுநரிடமா, ராஷ்டிரபதியிடமா? அரசிதழில் வந்ததா? அமலாகும் தேதி குறித்தார்களா? அரசிதழ் இப்போது இணையத்திலும் கிடைக்கிறது. பள்ளிப் பிள்ளை ஒருவன் கைப்பேசியில் எடுத்துக் கொடுப்பான். ஏட்டில் இல்லாததை அங்கத்தினரிடமே கேளுங்கள். சண்டைக்குப் போவதுபோல் வேண்டாம். மரியாதையாக, நாலு பேர் முன்னிலையில் கேளுங்கள். அவர் சொன்ன விடையையும் தேதியிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நம் அலுவலக வாயிலிலும் ஒரு கரும்பலகை வைக்கச் சொல்லியிருக்கிறோம். வரும் கூட்டத் தொடர் முடிந்த மறுவாரம் அதில் முதற் குறிப்பு எழுதப்படும். அந்தப் பெரியவருக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறோம். பிழை கண்டால் உள்ளே வந்து சொல்லுங்கள், அங்கேயே திருத்திவிடுவோம்.