பாம்புச் சட்டையும் நம் மோட்டார் அறையும்

(சாரல் சமயத்தில் நடந்த சங்கக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது. அன்று வர முடியாதவர்கள் கேட்டதால் இங்கே தருகிறோம்.)

செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார். தண்ணீர் வரி விவகாரம் பாக்கி இருப்பதால் நேரத்துக்குள் முடித்துவிடுகிறேன்.

போன மாதம் மோட்டார் அறையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். “படமெடுத்து நிற்குது, நல்ல பாம்பு” என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. கால் மணி நேரத்தில் அடித்துப் போட்டாகிவிட்டது. நான் கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். உடம்பு முழுக்கச் சதுரங்கக் கட்டம், கண்ணுக்குக் கீழே சாய்வாக இரண்டு கறுப்புக் கோடு. அது தண்ணீர்ப்பாம்பு. விஷம் கிடையாது. நெருக்கினால் அதுவும் முன்னுடம்பைத் தூக்கிக் கழுத்தைத் தட்டையாக்கும். அரை இருட்டில் பார்க்கிறவருக்கு நல்ல பாம்பு மாதிரிதான் தெரியும். அடித்தவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. சில வருடம் முன்னால் என் கையில் கம்பு இருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன்.

மறுநாள் ஏ பிளாக் பையன் ஒருவன் லிஃப்டில் என்னிடம், “தாத்தா, பாம்பை வீட்ல வளர்க்கலாமா?” என்று கேட்டான். யூடியூபில் யாரோ கார்ட்டர் பாம்பு வளர்ப்பதைப் பார்த்திருக்கிறான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. ஏனென்றால் லண்டனில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தபோது, நான் படுத்திருந்த அறையிலேயே அப்படி இரண்டு பாம்புகள் இருந்தன. என் பேரனுடையவை. முதல் வாரம் விளக்கை அணைக்காமலே தூங்கினேன்.

கார்ட்டர் பாம்பு வட அமெரிக்காவைச் சேர்ந்தது. விரல் தடிமன், முதுகில் நீளவாக்கில் மஞ்சள் கோடுகள். அந்தக் காலத்தில் காலுறையைப் பிடித்து நிறுத்தக் கட்டிய பட்டைக்கு கார்ட்டர் என்று பெயர், அந்தக் கோடுகளால் இந்தப் பெயர் வந்தது. நம் தண்ணீர்ப்பாம்புக்கு இது பங்காளி முறை, இரண்டும் ஒரே நீர்ப்பாம்புக் கூட்டம். நம்முடையது முட்டையிடும், அது குட்டி போடும். கனடாவில் மானிடோபா மாநிலத்தில் நார்சிஸ் என்ற இடத்தில், குளிர்காலம் முழுக்க நிலத்தடிப் பொந்துகளில் கிடந்துவிட்டு, வசந்தத்தில் பல்லாயிரக்கணக்கில் ஒன்றாக வெளியே வரும். அதைப் பார்க்கக் கூட்டம் போகிறதாம், நம் ஊருக்கு சீசனில் வருகிற மாதிரி.

வளர்ப்பது சுலபம் என்று நினைக்க வேண்டாம். பூட்டுகிற மூடியுள்ள கண்ணாடித் தொட்டி, ஒரு பக்கம் மட்டும் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி, தண்ணீர்க் கிண்ணம், ஒளிந்துகொள்ள ஈரப்பாசி வைத்த ஒரு டப்பா. சாப்பாடு மண்புழுவும் மீனும். எல்லா மீனும் ஆகாது. சில மீன்களில் உயிர்ச்சத்து பி1-ஐ அழிக்கிற ஒரு பொருள் இருக்கிறது. அதையே தொடர்ந்து கொடுத்தால் பாம்புக்கு வலிப்பு வந்து செத்துவிடும். பயந்தால் ஒரு நாற்றத்தை வேறு பீச்சும். சோப்பு போட்டுக் கழுவினாலும் லேசில் போகாது.

ஆனால் சட்டை உரிப்பதைப் பார்த்தேனே, அதற்காக அந்த நாற்றத்தையும் மன்னிக்கலாம். முதலில் நிறம் மங்கியது. பிறகு இரண்டு கண்ணும் பால் ஊற்றியதுபோல நீலம் பாய்ந்தன. புரை விழுந்துவிட்டது என்று நான் பயந்துபோனேன். பாம்புக்கு இமை கிடையாது, கண்ணுக்கு மேல் கண்ணாடி போல ஒரு செதில்தான் இருக்கிறது. பழைய செதிலுக்கும் புதியதற்கும் நடுவே நீர் ஊறும்போது அந்த மங்கல் வருகிறது. அந்த நாட்களில் அது சாப்பிடவில்லை, டப்பாவை விட்டு வரவும் இல்லை. சில நாளில் கண் தெளிந்துவிட்டது. முடிந்தது என்று நினைத்தேன், முடியவில்லை. அதற்கும் இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு காலையில் கல்லில் மூக்கைத் தேய்க்க ஆரம்பித்தது. உதட்டோரம் தோல் பிரிந்தது. அப்புறம் கால் மேஸைக் கழற்றுகிற மாதிரிதான், உள்பக்கம் வெளியே திரும்பி வால் வரை ஒரே துண்டாக வந்தது. நான் காபி குடித்து முடிப்பதற்குள் ஆகிவிட்டது. பேரன் முதல் வேலையாகச் சட்டையின் தலைப்பக்கத்தைத் தூக்கிப் பார்த்தான், இரண்டு கண்ணாடிச் செதிலும் வந்திருக்கிறதா என்று. ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டால் கண்ணுக்குக் கேடு. அதற்காகக் கையால் பிய்க்கவும் கூடாது, ஈரத்தில் வைத்துக் காத்திருக்க வேண்டும்.

இது நமக்கு எதற்கு என்றால், கண் மங்கியிருக்கும் பாம்புக்குப் பார்வை சரியாக இல்லை. அசைவு தட்டினால் சட்டென்று கொத்தப் பார்க்கும். பைப் பக்கத்தில் அசையாமல் கிடக்கிறது என்று குச்சியால் சீண்டாதீர்கள்.

அந்தப் பையனுக்கு நான் சொன்ன பதில்: வளர்க்க முடியாது. நல்ல பாம்பு, சாரை, தண்ணீர்ப்பாம்பு எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. பிடித்து வைப்பதும் குற்றம், அடிப்பதும் குற்றம். அவன் முகம் வாடிவிட்டது. அதனால், சட்டையைப் படிக்கக் கற்றுத் தருகிறேன் என்று சொன்னேன்.

சட்டை இழுபட்டு வருவதால் பாம்பைவிட நீளமாகத்தான் இருக்கும். “ஆறடிச் சட்டை கிடந்தது” என்றால் ஆறடிப் பாம்பு என்று அர்த்தமில்லை. தலைப்பக்கம் பெரிய பெரிய ஓடுகள் பதித்த மாதிரி இருந்தால் அது கண்ணாடி விரியன் இல்லை. விரியன் தலையில் பொடிச் செதில்கள்தான். முதுகு நடுவில் மட்டும் ஆறு பட்டைச் செதில்கள் பெரிதாக வரிசை கட்டியிருந்தால் கட்டுவிரியனாக இருக்கலாம், உடனே சொல்லுங்கள். பெயரைக் கேட்டுக் குழம்ப வேண்டாம், கட்டுவிரியனுக்குத் தலையில் பெரிய ஓடுகள்தான். படம் எடுத்துக் குழுவில் போடுங்கள், சட்டையை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். பணப்பெட்டியில் வைத்தால் பணம் சேரும் என்று எங்கள் ஆச்சியும் சொல்லியிருக்கிறாள். சேர்ந்ததாக நினைவில்லை.

சிற்றாறும் வயலும் குளமும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாம்பே வரக்கூடாது என்றால் நடக்காது. தவளை வருகிறது, எலி வருகிறது, அதன் பின்னால் அது வருகிறது. பி பிளாக் குப்பைத் தொட்டிக்கு மூடி கேட்டு எத்தனை கூட்டம் ஆயிற்று? மோட்டார் அறைக் கதவுக்கு அடியில் இரண்டு விரல் போகிற இடைவெளி. வடிகால் வாய்க்கு வலை இல்லை. இந்த மூன்றையும் இன்று தீர்மானத்தில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

பாம்பைப் பார்த்தால் ஒருவர் தூரத்தில் நின்று கண் வைத்துக்கொள்ள, இன்னொருவர் தீயணைப்பு நிலையத்துக்கு 101 போடட்டும். கடித்துவிட்டால் 108. கயிறு கட்டுவதும் கீறுவதும் வேண்டாம், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் அரசு மருத்துவமனைக்கு. விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கும். அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தை வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்காரர்கள்தான் எடுத்துத் தருகிறார்கள். அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள்.

வாட்ச்மேன் அண்ணாச்சி நேற்று சுற்றுச்சுவர் ஓரம் ஒரு சட்டை கிடப்பதாகச் சொன்னார். தொடாமல் வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்குப் பிள்ளைகளை அனுப்புங்கள், பார்க்கலாம். செருப்பு வேண்டாம், ஷூ போட்டு அனுப்புங்கள். சாரல் இருந்தால் குடையும்.